பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று பொருள்

லா கிராஸ், விஸ்கான்சின்
9 ஜனவரி 2021

அன்புள்ள தங்கை மார்லிஸுக்கு,

இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். உன்னிடம்கூடச் சொல்லாததை இன்று எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் உனக்குக் கேட்காது. அலுவலகக் கணினியில் இதையெல்லாம் எழுத முடியாது. ஆகவே பேனா.

முதலில் உன் காது எப்படி இருக்கிறது? முழங்கால்? ரைன்லாண்டரில் கடுங்குளிர் என்று பத்திரிகையில் பார்த்தேன். குழாய் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள். எனக்கு ரத்த அழுத்தம் தவிர வேறு குறையில்லை. அந்த ரத்த அழுத்தத்துக்கும் ஒரு பெயர் உண்டு: பிரென்ட்.

முதலாளி ஸ்கோக்லண்டின் மருமகன். முப்பத்தோரு வயது. நவம்பரில் அவனைப் பணியாளர் நலப் பிரிவுக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். நான் பதினான்கு வருடமாகப் பார்த்துவரும் வேலை அது. கல்லூரியில் வரலாறு நடத்தியவன் நான். இங்கே தலைமை அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவர்களிலிருந்து நீ வேலை பார்க்கும் ரைன்லாண்டர் கிடங்கில் கதவுகளை ஏற்றுகிறவர்கள்வரை இருநூறு பேருடைய காப்பீடும் விடுப்பும் மருத்துவச் செலவுக் கணக்கும் என் கைவழியாகத்தான் போகின்றன. வந்த முதல் வாரமே எல்லார் எதிரிலும் கேட்டான்:

“வெண்டெல், காப்பீடுதான் இருக்கே, அப்புறம் இந்த மருத்துவச் செலவுக் கணக்கு எதுக்குங்க?”

“சம்பளத்துல வரி பிடிக்கறதுக்கு முன்னாடியே, அவங்க சொல்ற தொகைய எடுத்து வச்சிருவோம். அதுல கண்ணாடி வாங்கலாம், பல்லு கட்டலாம். டிசம்பர் முப்பத்தொண்ணுக்குள்ள செலவழிக்கலைன்னா, மிச்சம் கம்பெனிக்கு.”

“அட, அப்ப நமக்கு லாபம்!” என்று சிரித்தான்.

நான்கு நாள் முன்பு அந்தக் கணக்குகளை நிர்வகிக்கும் நிறுவனத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்த பெருந்தொற்று நிவாரணச் சட்டம் பற்றியது. பிரித்துக்கூடப் பார்க்காமல் என் மேசையில் வைத்தான். “நீங்களே பாத்து ரெண்டு வரி எழுதிக் குடுங்க வெண்டெல். நான் கையெழுத்து போட்டுடறேன்.”

பெயர் அவனுக்கு, மூளை மட்டும் என்னுடையதா? இனி அவனுக்காக நான் ஒரு வரி எழுதுவதாக இல்லை. அவன் தடுக்கி விழுவதை மாமனார் தன் கண்ணால் பார்க்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு.

உன் அண்ணன்
வெண்டெல்


ரைன்லாண்டர்
18 ஜனவரி 2021

அன்புள்ள வெண்டெல்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. குழாய் உறைந்துதான் போயிற்று. தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்து அரை மணிநேரம் ஊதினேன், சரியாகிவிட்டது. உன் கோபத்துக்கு மருந்து கிடையாது, ரத்த அழுத்தத்துக்கு உண்டு. அதையாவது விடாமல் சாப்பிடு.

காது பற்றிக் கேட்டாயே. இடது காது முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதி மிச்சம். முன்பெல்லாம் எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். இப்போது ஊரில் ஒருவருக்கும் உதடு இல்லை, எல்லாம் முகக்கவசத்துக்குப் பின்னால். கிடங்கில் யாருக்கும் இன்னும் தெரியாது. தெரிந்தால் நான் ஓட்டும் சரக்குத் தூக்கும் வண்டியிலிருந்து, ஃபோர்க்லிஃப்டிலிருந்து, இறக்கிவிடுவார்கள்.

காதுக் கருவிக்காகத்தான் போன வருடம் அந்தக் கணக்கில் உச்சவரம்பு முழுவதும், இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது டாலர், பிடிக்கச் சொல்லியிருந்தேன். மீதிக்கு என் வீட்டுக்காரர் ஆர்விட் விட்டுப்போன படகை விற்ற பணம் இருக்கிறது. ஏப்ரலில் போகலாமென்றால் மருத்துவமனையை மூடிவிட்டார்கள். பிறகு காது மருத்துவருக்கே நோய். கடைசியில் டிசம்பர் முப்பதாம் தேதி வரச் சொன்னார்கள். அதற்கு முதல்நாள் பத்திரிகையில் படித்தேன்: புதுச் சட்டம் வந்துவிட்டது, மருத்துவச் செலவுக் கணக்கில் மிஞ்சிய பணம் இந்த முறை அடுத்த வருடத்துக்குப் போகும் என்று. வெளியே ஒரே பனி, மருத்துவமனை இருக்கும் வாசா ஊர் வரை ஓட்ட வேண்டும். என் முறையை ஓர் அவசரக்காரருக்குக் கொடுத்துவிட்டு மார்ச் நான்குக்கு மாற்றிக்கொண்டேன்.

என்னோடு வேலை செய்யும் ரோண்டா சிரிக்கிறாள். அவள் டிசம்பர் கடைசி வாரம் மருந்துக் கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். முதலில் வந்த நிவாரணச் சட்டத்தால் மருத்துவர் சீட்டு இல்லாமலே மாத்திரையும் மாதவிடாய் அணையாடையும் அந்தக் கணக்கில் வாங்கலாமே, அதுதான் அவளுக்குக் கொண்டாட்டம்.

“மூணு பொண்ணுங்களுக்கும் ரெண்டு வருஷத்துக்கு நாப்கின் இருக்கு. மிச்சத்துக்குப் பூராவும் தலைவலி மாத்திரை. மூணு பொண்ணுங்கள வச்சிருக்கேனே, எப்படியும் தீந்துரும்.”

“ஏண்டி இந்த அவசரம்? பணம் இந்தத் தடவை போகாதுன்னு பேப்பர்லயே போட்டுட்டான்.”

“பேப்பர்ல இருக்கறது பேப்பர்ல இருக்கட்டும். என்னோடது அலமாரியில இருக்கு.”

என் பணம் பத்திரம்தானே வெண்டெல்? உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்.

அன்புடன்
மார்லிஸ்


லா கிராஸ்
24 பிப்ரவரி 2021

அன்புள்ள மார்லிஸ்,

உன் கடிதம் ஒரு மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பத்தொன்பதாம் தேதிதான் வந்து சேர்ந்தது. இந்தக் குளிர்காலத்தில் தபால்துறையை நம்ப முடியவில்லை. உனக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்.

நீ படித்த செய்தி சரி. ஆனால் அரைச் செய்தி. சட்டம் அனுமதி மட்டும்தான் கொடுத்தது. மிச்சத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாமா என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு படிவம் வந்தது. ‘ஏற்கிறோம்’ என்று ஒரு கட்டம், ‘ஏற்கவில்லை’ என்று ஒரு கட்டம். பிப்ரவரி பதினைந்துக்குள் பதில் வராவிட்டால் ‘இல்லை’ என்று பொருள் என அடியில் அச்சிட்டிருந்தது. நம் நிறுவனத்திலிருந்து பதில் போகவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவன் பிரென்ட். இதற்குமேல் என்ன எழுத?

மார்ச் நான்காம் தேதி வாசாவுக்குப் போகாதே. வீண் அலைச்சல்.

வெண்டெல்


ரைன்லாண்டர்
8 மார்ச் 2021

அன்புள்ள வெண்டெல்,

நீ நலமா? உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் என் காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பரவாயில்லை, உனக்கும் அதிர்ச்சியாக இருந்திருக்கும்.

ஒரு கட்டத்தில் ஒரு கோடு. அதைப் போட அந்தப் பையனுக்கு நேரமில்லையா? நீ அவனைக் கேட்டாயா? என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே எழுது.

வெள்ளிக்கிழமை நடந்ததை உனக்கு மட்டும் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்டில் கதவுக் கட்டுகளை ஏந்திக்கொண்டு பின்பக்கமாக ஓட்டி வந்துகொண்டிருந்தேன். கிடங்கில் என்னோடு வேலை செய்யும் லெராய் எனக்குப் பின்னால் நின்று கத்தியிருக்கிறான். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவன் கையை ஆட்டியதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். அவனுக்கும் வண்டிக்கும் இரண்டு சாண் இடைவெளி. லெராய் முகக்கவசத்தை இழுத்துவிட்டு வந்தான்.

“காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?”

“நீ பாடுறியே, அதுக்காக வச்சது. எடுக்க மறந்துட்டேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இடைவேளை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். லெராய்க்கு நான்கு வயதில் குழந்தை இருக்கிறது.

பதில் போடு.

மார்லிஸ்


லா கிராஸ்
20 ஏப்ரல் 2021

அன்புள்ள மார்லிஸ்,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தடுப்பூசி முதல் ஊசி போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் காய்ச்சல். நீயும் போட்டிருப்பாய். இங்கே ஆற்றில் பனிக்கட்டி முழுதும் போய்விட்டது. படகுகள் வரத் தொடங்கிவிட்டன.

இத்துடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன், இரண்டாயிரத்து எழுநூற்றைம்பதுக்கு. உடனே போய்க் கருவியை வாங்கிக்கொள். இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம்.

வெண்டெல்


ரைன்லாண்டர்
3 மே 2021

அன்புள்ள வெண்டெல்,

ஊசி எனக்கும் ஆயிற்று. கை வலித்தது, வேறொன்றுமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. விவாகரத்துக்குப் பிறகு உன் நிலைமை எனக்குத் தெரியாதா? அதோடு, என் சம்பளத்தில் பிடித்த பணம் அங்கே இருக்கும்போது உன் பணத்தை நான் ஏன் வாங்க வேண்டும்? நான் மட்டும் இல்லை. இந்தக் கிடங்கில் மட்டும் பதினோரு பேருக்கு இப்படிப் போயிருக்கிறது. ஒருவன் மகளுடைய பல்லுக்குக் கம்பி கட்ட வைத்திருந்தான். லெராய் கண்ணாடிக்கு. எல்லாரும் அந்தப் பத்திரிகையைத்தான் நம்பியிருந்தோம்.

நீ லா கிராஸில் எங்களுக்காக முட்டிமோதிக்கொண்டிருக்கிறாய் என்று சொன்னேன். ரோண்டாகூட ஒத்துக்கொண்டாள். “மேலே ஒருத்தராவது நம்ம ஆளா இருக்காரே. உன் அண்ணன் இந்தப் பக்கம் வந்தா வெள்ளிக்கிழமை மீனும் பீரும் என் செலவு.”

ஜூன் பத்தாம் தேதி பிரென்ட் கிடங்கைப் பார்க்க வருகிறானாம். நேரிலேயே கேட்கப் போகிறோம். அவனிடம் பேசப்போவது நான்தான். வேண்டாமென்றால் அதற்குள் எழுது.

மார்லிஸ்


லா கிராஸ்
7 ஜூன் 2021

மார்லிஸ்,

நலமாக இருப்பாய். அவசரமாக எழுதுகிறேன். பிரென்டிடம் எதுவும் கேட்காதே. அவனுக்கு ஒன்றும் தெரியாது, கேட்டுப் பயனில்லை. உன் காது விஷயமும் வெளியே வந்துவிடும். நான் வேறு வழி பார்க்கிறேன். கேட்காதே.

வெ.


ரைன்லாண்டர்
14 ஜூன் 2021

அன்புள்ள வெண்டெல்,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. இரண்டு நாள் தாமதம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்குத் தூக்கம் சரியில்லை, மற்றபடி சுகம்.

நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு அறையில் அவன் காபி வாங்கிக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன், பணம் போன மற்ற பத்துப் பேரும் எனக்குப் பின்னால். அவன் பேசியது எனக்கு விளங்கவில்லை.

“பிரென்ட், மாஸ்க்கக் கொஞ்சம் இறக்கிட்டுப் பேசுங்க. எனக்கு உங்க உதடு தெரியணும்.”

இறக்கினான். சின்ன முகம். நீ எழுதியதை வைத்து வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

“எங்க பணத்த அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக ஒரு படிவம் வந்துச்சே, அதுக்கு ஏன் பதில் போடல?”

“அந்தச் சட்டத்தப் பத்தி வந்த உறையா? அத அன்னைக்கே வெண்டெல்கிட்ட குடுத்துட்டேங்க. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. அப்புறம் ரெண்டு தடவை கேட்டேன். ‘நாம ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல’ன்னு அவர்தான் சொன்னார்.”

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். “பொய் சொல்றீங்க. அவர் என் அண்ணன். அப்படிப்பட்டவர் இல்ல” என்று கத்திவிட்டேன். நான் எவ்வளவு சத்தமாகக் கத்துகிறேன் என்று எனக்கே தெரிவதில்லை. அவன் கோபப்படவில்லை. கிடங்கு மேலாளரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். சாயங்காலம் என்னை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். காது பரிசோதனை; தேறவில்லை. சம்பளமில்லாத விடுப்பு. செப்டம்பர் முப்பதுக்குள் கருவி மாட்டிக்கொண்டு வந்து பரிசோதனையில் தேறினால் வேலை. இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள்.

அவனைப் பொய்யன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்னது சரிதானே வெண்டெல்? அதை மட்டும் எழுது.

மார்லிஸ்


ரைன்லாண்டர்
2 ஆகஸ்ட் 2021

வெண்டெல்,

நீ நலமாக இருக்கிறாயா என்று அடுத்த வீட்டுப் பெண்ணை விட்டு உன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். தினமும் வேலைக்கு வருகிறாயாம். சந்தோஷம்.

ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதமில்லை. படகுப் பணத்தில் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கணக்கை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு நானே எழுதிப் போட்டேன். மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். இரண்டு செய்தி. ஒன்று: இந்த வருடம் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நிறுவனம் சரி என்று கையெழுத்திட்டால், முன்தேதியிட்டே ஏற்றுக்கொள்ள முடியும். சட்டத்தில் அதற்கும் இடம் இருக்கிறதாம். இரண்டு: படிவமும், பிறகு இரண்டு நினைவூட்டல்களும் திரு. வெண்டெல் ஹாக்ஸ்டாட் பெயருக்கு அனுப்பப்பட்டன.

ரோண்டாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கையில் கொடுத்தாள். “மாத்திரை வேணுமா? என்கிட்ட நிறைய இருக்கு” என்றாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் காசோலையை மறுபடி அனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் அதை ஏன் அனுப்பினாய் என்று தெரிந்தால்தான் வாங்கிக்கொள்ள முடியும்.

வெயில் அதிகம். தண்ணீர் நிறையக் குடி.

மார்லிஸ்


லா கிராஸ்
13 செப்டம்பர் 2021

மதிப்பிற்குரிய திரு. ஸ்கோக்லண்ட் அவர்களுக்கு,

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் அளவுக்குத் தேறியிருப்பதாக அறிந்தேன். நல்ல செய்தி. இந்தக் கடிதம் உங்கள் உடல்நலத்துக்கு நல்லதல்ல. இருந்தாலும் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு மருத்துவச் செலவுக் கணக்கில் மிஞ்சிய பணத்தை இந்த ஆண்டுக்குக் கொண்டுவர நிவாரணச் சட்டம் இடம் கொடுத்தது. ‘ஏற்கிறோம்’ என்று குறித்து அனுப்புவதற்கான படிவம் ஜனவரி ஐந்தாம் தேதி உங்கள் அலுவலகத்துக்கு வந்தது. உங்கள் மருமகன் அதை அன்றே வெண்டெல் ஹாக்ஸ்டாட் என்ற ஊழியரிடம் கொடுத்தார். வெண்டெல் அதைப் பிரித்துப் படித்தார். அந்தக் கட்டடத்தில் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான். மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இரண்டு நினைவூட்டல்களும் அதே இழுப்பறைக்குப் போயின. உங்கள் மருமகன் இரண்டு முறை கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார் வெண்டெல். தவறு மருமகன் தலையில் விழும், உங்களுக்குத் தெரியவரும், அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்புவீர்கள் என்பது வெண்டெல் போட்ட கணக்கு.

உங்களுக்கு ஒன்றும் தெரியவரவில்லை. முப்பத்தேழு பேருடைய பணம் மட்டும் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கை. அது தெரியாமல் செய்துவிட்டார் என்று இந்த இடத்தில் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஒவ்வொரு மாதமும் அவளுடைய பிடித்தத்தைப் பதிந்தது வெண்டெல்தான். படிவத்தைப் பூட்டிய நாளில் அவளை நினைத்துப் பார்க்கவில்லை என்பதே உண்மை.

ஜூன் பதினொன்றாம் தேதி ரைன்லாண்டரிலிருந்து திரும்பியதும் உங்கள் மருமகன் வெண்டெலின் மேசைக்கு வந்து, “இப்பவாவது ஏதாச்சும் பண்ண முடியுமா, சொல்லுங்க. அந்த அம்மாவப் பாக்கப் பாவமா இருந்துச்சு” என்றார். காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அது பொய். ஆண்டு முடியும்வரை காலம் இருக்கிறது.

படிவம், நினைவூட்டல்கள், கெடு பற்றிய சட்டப் பகுதி எல்லாம் இத்துடன் இருக்கின்றன. நீங்கள் ‘ஏற்கிறோம்’ என்ற கட்டத்தைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான். கருவி வந்து சேர மூன்று வாரம் ஆகும். ரைன்லாண்டர் கிடங்கில் மார்லிஸ் என்ற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் செப்டம்பர் முப்பது என்ற கெடுவை அதுவரை தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவள் உங்கள் மருமகனைப் பொய்யன் என்றது, தன் அண்ணனை நம்பியதால். அதற்கு அவளைத் தண்டிக்காதீர்கள்.

அவளுக்கு இதன் நகலை அனுப்பவில்லை. அவளுக்கு எழுத வேண்டியது வேறு. அதற்கு இன்னும் முதல் வரி கிடைக்கவில்லை.

இதை எழுதுவது யார் என்று நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியிராது. முதல் பிரதியில் ‘நான்’ என்றுதான் எழுதினேன், கிழித்தேன். கீழே என் பெயரைப் போட்டால் இது மன்னிப்புக் கடிதமாகிவிடும். நீங்கள் அதை உங்கள் மருமகனிடம் கொடுப்பீர்கள். அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்கும் மனம் இந்த நிமிடம்வரை எனக்கு வரவில்லை. அவன்மீது ஒரு குற்றமும் இல்லை என்று தெரிந்தும் வரவில்லை. அது வரட்டும் என்று காத்திருந்தால் முப்பதாம் தேதி போய்விடும். நாலரை மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள். இப்போது நான்கு அடித்துப் பத்து நிமிடம். கையெழுத்துப் போடாமலே இதைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போடப் போகிறேன்.